இமையில் வந்த கட்டி

கண் இமையில் சிறு கட்டி புறப்பட்டால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? நாமக்கட்டியை இழைத்துப் பூசுகிறோம். "உடம்புச் சூடுதான், நாலு நாளில் போய்விடும்" என்பாள் பாட்டி. பெரும்பாலும் பாட்டியின் வாக்குப் பலித்தும் விடுகிறது.

ஆனால், போகாத கட்டியும் உண்டு. வலியே இல்லாமல் வாரக் கணக்கில் அப்படியே இருக்கும். டாக்டர் கீறி எடுத்த பிறகும் அதே இடத்தில் மறுபடி முளைக்கும். அங்கே இமை மயிர் கொட்டிப் போகும். அல்லது முத்துப் போலப் பளபளக்கும் ஒரு பரு, நடுவில் ஆறாத புண், துடைத்தால் ரத்தக் கசிவு. இவற்றில் எதைக் கண்டாலும், சகோதரிகளே, கண் டாக்டரிடம் புறப்படுங்கள். அது இமையில் வரும் புற்று நோயாக இருக்கலாம்.

உடனே கலங்கிவிட வேண்டாம். இதில் ஒரு வகை பெரும்பாலும் கீழ் இமையில் வரும், மெதுவாக வளரும். உடம்பின் மற்ற பாகங்களுக்குப் பரவுவது மிக அபூர்வம். ஆனால் அலட்சியம் செய்தால் கண் குழிக்குள்ளேயே இறங்கிவிடும். இன்னொரு வகை, இமையின் எண்ணெய்ச் சுரப்பிகளில் தோன்றுவது. வெள்ளையர் நாடுகளில் அபூர்வமான இது, நம் நாட்டில் அவ்வளவு அபூர்வமல்ல. சாதாரணக் கட்டி போலவே வேஷம் போடும். மற்ற இடங்களுக்குப் பரவவும் செய்யும். ஆகையால்தான் டாக்டர் ஒரு துணுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்கிறார்.

இமையில் கத்தி வைப்பது சங்கடமான காரியம். குறைவாக வெட்டினால் நோய் திரும்பும். அதிகமாக வெட்டினால் கண்ணை மூட முடியாமல் விழி உலர்ந்துவிடும். அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்து டாக்டர் பிரெடரிக் மோஸ் இதற்கு வழி கண்டார். மெல்லிய படலமாக வெட்டுவது. அதன் அடியையும் ஓரங்களையும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. நோய் மிச்சமிருக்கும் இடத்தில் மட்டும் மறுபடி வெட்டுவது. முதலில் இதற்கு ஒரு மருந்துக் களிம்பைப் பூசிக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1953-ல் கீழ் இமைப் புற்று ஒன்றை அகற்றுவதைச் சினிமாப் படமாக எடுத்தார்கள். படப்பிடிப்புத் தாமதமாகாதிருக்க, களிம்பை விட்டு, மரத்துப்போக ஊசி போட்டு வெட்டி, சதையை உறைய வைத்துப் பார்த்தார். அதுவே பிற்பாடு வழக்கமாகிவிட்டது. வெட்டிய இடத்தை அக்கம்பக்கத்துத் தோலைக் கொண்டே சீர் செய்துவிடுகிறார்கள்.

ஒளி சிகிச்சை என்றும் ஒன்று உண்டு. ஒரு களிம்பைப் பூசிச் சுமார் மூன்று மணி நேரம் விடுகிறார்கள். நோயுற்ற அணுக்கள் அதை அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கண்ணுக்குக் கவசமிட்டுச் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் அவை மடிந்துபோகும். எரிச்சல் இருக்கும்; தழும்பு குறைவு. ஆனால் இது தோலின் மேலோடு நிற்கும் மெல்லிய புற்றுக்குத்தான். ஆழமாக வேரோடியதற்கும், எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுக்கும் இதை நம்பக் கூடாது.

எந்தச் சிகிச்சையானாலும், கட்டி சிறிதாக இருக்கும்போதே போனால் இமையும் தப்பும், கண்ணும் தப்பும். தினமும் மை தீட்டும்போது இமை ஓரத்தைச் சற்றுக் கவனியுங்கள். கண்ணாடி பார்க்கும் பழக்கத்தையே விட்டுவிட்ட வீட்டுப் பெரியவர்களின் இமையையும் நீங்களே பாருங்கள். இந்த நோய் அதிகம் தேடி வருவது அவர்களைத்தான்.