அசையும் கோடு பாட்டு சொல்லித் தருமா?

யூடியூபில் பியானோ பாடம் தேடினால், வண்ணக் கட்டைகள் மேலிருந்து விழுந்து விசைகளைத் தொடுகின்றன. கர்நாடக இசைப் பாடங்களில் ஸ்வர எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன. சிலவற்றில் சுருதிக் கோடு வளைந்து நெளிந்து ஓடுகிறது. இது புதிய வித்தை அல்ல. 1920களிலேயே அமெரிக்காவின் ஃப்ளைஷர் சகோதரர்கள் பாடல் வரிகளின் மேல் ஒரு பந்தைத் துள்ளவிட்டு, திரையரங்கில் இருந்தவர்களைச் சேர்ந்து பாடவைத்தார்கள். 1980களில் ஸ்டீபன் மாலினோவ்ஸ்கி, ஸ்வரங்களை நகரும் வண்ணப் பட்டைகளாகக் கணினித் திரையில் காட்டினார். பாட்டைப் பின்தொடர இவை உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பின்தொடர்வது வேறு, கற்பது வேறு. காதுக்கு எளிதில் பிடிபடாததை மட்டும் காட்டி, வேலை முடிந்ததும் விலகிக்கொள்ளும் வரைகலையே பாடம் நடத்துகிறது; மற்றதெல்லாம் அலங்காரம்.

முதலில் தாளத்தைப் பார்ப்போம். காலத்தை அளப்பதில் கண் காதுக்கு ஈடாகாது. சீரான ஒலிக்கு விரல் தட்டச் சொன்னால் பெரும்பாலோர் ஒழுங்காகத் தட்டுகிறார்கள். மின்னி மறையும் ஒளிக்குத் தட்டும்போது தடுமாறுகிறார்கள். மின்னும் ஒளிக்குப் பதில் துள்ளும் பந்தைக் காட்டியதும் தடுமாற்றம் வெகுவாகக் குறைந்ததைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பந்து எப்போது தரையைத் தொடும் என்பதைக் கண் முன்கூட்டியே கணித்துவிடுகிறது. திடீரென்று தோன்றும் ஒளி அந்த அவகாசத்தைத் தருவதில்லை. ஆகவே அடி விழும் கணத்தில் எழுத்தை ஒளிரவைக்கும் வழக்கமான உத்திதான் ஆகப் பலவீனமானது. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களையும் போடும் கை இதைவிடச் சிறந்த வரைகலை: அது எழும்போதே அடுத்த அடி எங்கே என்று தெரிந்துவிடும். அதை இயக்குவதும் மாணவரே.

திரை உண்மையில் கைகொடுக்கும் இடம் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகம். தோடி ராகத்தின் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைகிறது. ‘க’ என்ற எழுத்தில் அந்த அசைவு இல்லை. அதனால்தான் சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் கமகங்களுக்குத் தனிக் குறியீடுகளைச் சேர்த்தார். இன்று குரலின் அதிர்வெண்ணைக் கணினி கணித்து, அசைவின் முழு உருவத்தையும் கோடாக வரைந்துவிடும். அந்தக் கோடு மெய் சொல்ல வேண்டுமானால் அதை ஹெர்ட்ஸ் அளவில் நேரடியாக வரையக் கூடாது. மத்திய ஸட்ஜம் 260 ஹெர்ட்ஸ் என்றால் தார ஸட்ஜம் 520; மடக்கை அளவில் வரையாவிட்டால், மேல் ஸ்தாயியில் அதே கமகம் இரு மடங்கு பெரிதாகத் தெரியும். பாடுபவரின் ஆதார ஸட்ஜத்தையே அடிக்கோடாகவும் வைக்க வேண்டும். அப்போதுதான் ஒரு கட்டைச் சுருதியில் பாடுபவரையும் ஐந்து கட்டைச் சுருதியில் பாடுபவரையும் ஒப்பிட முடியும்.

துள்ளலும் வண்ணமும் இல்லாவிட்டால் குழந்தைகள் பார்க்க மாட்டார்களே என்று கேட்கலாம். கவனத்தை இழுப்பதெல்லாம் கற்றலுக்கு உதவுவதில்லை. பாடத்தோடு ஒட்டாத கவர்ச்சிகள் கற்றதைக் குறைக்கவும் செய்யும் என்பது உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் தரும் எச்சரிக்கை. கோடு எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் என்ன கெடும் என்பது அடுத்த கேள்வி. உடல் திறன் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் மூவரும் 1984இல் இதற்குப் பதில் தந்தார்கள்: இடைவிடாத வழிகாட்டல் பயிற்சியின்போது திறனைக் கூட்டும், அதை எடுத்ததும் திறன் சரியும். அந்த ஆய்வுகள் பெரும்பாலும் எளிய அசைவுகளைப் பற்றியவை, இசையைப் பற்றியவை அல்ல. ஆயினும் திரையில் வண்ணக் கட்டைகள் விழாமல் பியானோ வாசிக்க முடியாத மாணவரிடம் அதே சார்பைத்தான் காண்கிறோம். காது கேளாதோருக்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது. அவர்களுக்குத் திரையே இசைக்கு ஒரு வாசல். குருவில்லாத ஊரில் தனியே கற்பவருக்கும் கோடு வேண்டும்தான், ஆனால் அளவோடு. முதல் சுற்றில் முழுக் கோடு, இரண்டாவதில் கடினமான கமகங்களுக்கு மட்டும், மூன்றாவதில் வெறுந்திரை; பாடி முடித்த பிறகே மாணவரின் கோட்டை ஆசிரியரின் கோட்டோடு சேர்த்துக் காட்டலாம். இசைப்பாடக் காணொளி தயாரிப்பவர் வரைகலையைத் திட்டமிடும்போதே, அது எந்த இடத்தில் மறைய வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.