பனியாற்றின் வரவு செலவு

வீட்டுக் கணக்கு எழுதும் சகோதரிகளே! பனியாற்றுக்கும் வரவு செலவு உண்டு, தெரியுமா?

ஸ்வீடன் தேசத்தில், வடதுருவ வட்டத்துக்குள்ளே, கெப்னெகைசே மலைச் சரிவில் ஸ்டூர்கிளாசியாரன் இருக்கிறது. பெயருக்குப் பொருள் 'பெரிய பனியாறு'. நீளமோ சுமார் 3 கிலோமீட்டர்தான்! குளிர்காலத்தில் விழும் பனி அதற்கு வரவு. கோடையில் உருகி ஓடுவது செலவு. ஸ்டாக்ஹோம் சர்வகலாசாலை விஞ்ஞானிகள் 1946 முதல் இந்தக் கணக்கை எழுதி வருகிறார்கள். பனியில் குழி தோண்டி வரவை அளக்கிறார்கள். பனிக்கட்டியில் நட்ட கழி எவ்வளவு வெளியே தெரிகிறதென்று பார்த்துச் செலவை அறிகிறார்கள்.

1990-களில் சில வருஷம் வரவு மிஞ்சியது. பிறகு, பூமி சூடேறச் சூடேறச் செலவே மேலோங்கிவிட்டது. அதே மலையில் பனி மூடிய தென்சிகரம்தான் நாட்டிலேயே உயரமானதாக இருந்தது. பனி கரைந்து, 2019-ல் அந்தப் பட்டத்தைப் பாறையாலான வடசிகரத்திடம் இழந்தது.

முதலையே எடுத்துச் செலவழிக்கும் குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? உங்களுக்குச் சொல்லவா வேண்டும்!