செங்காய் இல்லாம ஜாம் இல்ல

போன செமஸ்டர்ல எங்க ரூம்மேட் ஒருத்தன் தொடர்ந்து மூணாவது கம்பெனியில கடைசி ரவுண்டோட வெளியே வந்தான். ரெண்டு நாளா சரியா சாப்பிடல. வாங்கிக் கொடுத்த பரோட்டா பார்சல் பிரிக்காமலே கிடந்துச்சு. அதே நேரம், அம்மா ஊர்ல இருந்து கொடுத்து அனுப்பின ஒரு பை கொய்யாப்பழம் மூலையில பழுத்து வாசம் தூக்குது. எங்க ஊர் ஆயக்குடி பக்கம். பழனிக்குப் பக்கத்துல, கொய்யாவுக்குப் பேர் போன ஊர். இன்னும் ஒரு நாள் விட்டா அத்தனையும் குப்பைக்குத்தான். "ஜாம் போடலாமாடா?"ன்னு கேட்டேன். அவன் பதில் சொல்லல. வேண்டாம்னும் சொல்லல.

முதல் தடவை சொதப்பல். முக்கால் மணி நேரம் கிண்டியும் சர்க்கரைப் பாகு மாதிரி ஓடிச்சு. பாட்டிக்கு போன் பண்ணா ஒரே கேள்விதான் கேட்டாங்க: "செங்காய் போட்டியாடா?"

அதாவது, பாதி பழுத்த காய். காரணத்தை அப்புறம்தான் தேடிப் படிச்சேன். பழத்தோட செல் சுவர்ல பெக்டின்னு ஒரு பொருள் இருக்கு. ஜாமைக் கெட்டியாக்குறது அதுதான். பழம் ரொம்பக் கனிஞ்சா என்சைம்கள் அந்த நீளமான பெக்டின் சங்கிலிகளை வெட்டிடும், அப்புறம் கெட்டியாகாது. காய்ப்பக்குவத்துல பெக்டின் அதிகம். ஆனா அது மட்டும் போதாது. பெக்டின் சங்கிலிகள் எல்லாத்துலயும் எதிர்மின் ஏற்றம் இருக்கிறதால ஒன்னை ஒன்னு தள்ளிக்கும். எலுமிச்சைச் சாறு அந்த ஏற்றத்தைக் குறைக்குது. சர்க்கரை சுத்தி இருக்கிற தண்ணியைத் தன் பக்கம் இழுத்துக்குது. அப்பதான் சங்கிலிகள் ஒன்னோட ஒன்னு பின்னி வலை மாதிரி ஆகும். நாம ரொட்டியில தடவுறது அந்த வலையைத்தான்.

ரெண்டாவது தடவை நாலு பழத்துக்கு ஒரு செங்காய்னு கணக்கு. நறுக்கி, அரை டம்ளர் தண்ணியில வேகவச்சு, மசிச்சு, டீ வடிகட்டியில வழிச்சு விதையை எடுத்தாச்சு. (இந்த வேலைக்கு மட்டும் பொறுமை வேணும், வடிகட்டி ஒன்னு பலியாச்சு.) அரை கிலோ விழுதுக்கு 400 கிராம் சர்க்கரை, ஒரு பெரிய எலுமிச்சம்பழம். அகலமான பாத்திரத்துல வைங்க, தண்ணி சீக்கிரம் வத்தும். ஹாஸ்டல்காரங்க கெட்டில்ல முயற்சி பண்ணாதீங்க. அடிப்பிடிச்சா கெட்டிலை மறந்துடுங்க.

எப்ப இறக்குறது? சர்க்கரைக் கரைசல் கெட்டியாக ஆக அதோட கொதிநிலை 100 டிகிரியைத் தாண்டி ஏறும். சுமார் 105 டிகிரி வந்தா சர்க்கரை கிட்டத்தட்ட 65 சதவீதம்னு அர்த்தம். கடை ஜாமுக்கு நம்ம நாட்டு விதி கேக்குறதும் குறைஞ்சது அதே 65தான். அந்த அளவு சர்க்கரையில கிருமிக்குத் தேவையான தண்ணி கிடைக்காது, அதனால சுலபமாக் கெடாது. தெர்மாமீட்டர் இல்லையா? எவர்சில்வர் தட்டைக் குளிர வச்சு அதுல ஒரு சொட்டு விடுங்க. ஒரு நிமிஷம் கழிச்சு விரலால தள்ளினா மேல சுருக்கம் விழணும். கை ஜாக்கிரதை, கொதிக்கிற ஜாம் தோல்ல ஒட்டிக்கும்.

அடுப்பே இல்லாதவங்களுக்குப் பஞ்சாமிர்தம் இருக்கு. பழனியில விருப்பாச்சி மலைவாழைப்பழத்துல பண்ணுவாங்க. 2019-ல அதுக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. ரூம்ல நமக்குக் கிடைக்கிற வாழைப்பழமே போதும். நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கொஞ்சம் தேன், நெய், ஏலக்காய் சேர்த்துக் கையால பிசைங்க. ஒரு சொட்டுத் தண்ணி கூடாது, கையும் ஈரமா இருக்கக் கூடாது. கோயில் பஞ்சாமிர்தம் மாதிரி நாள்கணக்கா வச்சுக்க நினைக்காதீங்க. நாம பண்றதை ஒரு நாள்ல முடிச்சிடணும்.

ஜாம் பாட்டிலை மட்டும் வெந்நீர்ல கொதிக்கவச்சு நல்லாக் காயவச்சு, ஜாம் சூடா இருக்கும்போதே ஊத்துங்க. ஃப்ரிட்ஜ் இல்லாத ரூம்னா கொஞ்சமாப் போட்டு ஒரு வாரத்துக்குள்ள காலி பண்ணுங்க. எங்க ரூம்ல அந்தக் கவலையே வரல. ராத்திரி பதினோரு மணிக்கு ஆறிப்போன சப்பாத்தியில தடவி அவன்கிட்ட நீட்டினேன். ஒன்னு சாப்பிட்டான். அப்புறம் பாட்டிலையே எடுத்துக்கிட்டு, "அடுத்த தடவ எலுமிச்சை கம்மி பண்ணுடா"ன்னான்.