சொந்த அஞ்சல்பெட்டிக்குள் அரசாங்கக் கோப்பு

அமெரிக்காவில் அரசு ஆவணங்களைக் கேட்டு வாங்கும் உரிமை இரண்டு அடுக்காக இருக்கிறது. மத்திய அரசுத் துறைகளுக்கு, 1966இல் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட தகவல் சுதந்திரச் சட்டம். மாநில அரசுகளுக்கும் நகராட்சிகளுக்கும் அந்தந்த மாநிலத்தின் சட்டம். கலிபோர்னியாவின் பொது ஆவணச் சட்டம் 1968இல், ரொனால்ட் ரீகன் அங்கே ஆளுநராக இருந்தபோது வந்தது. இவற்றை எழுதியவர்கள் மனத்தில் இருந்தவை அலுவலக பீரோவும் கோப்புக் கட்டும்தான். கோப்பு அலுவலகத்தில் இருக்கும், கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்தால் போதும் என்பது கணக்கு. மேயரின் சட்டைப்பையில் இருக்கும் கைபேசிக்குள்ளேயே பாதி அலுவலகம் நடக்கும் என்று அன்று யாரும் நினைத்திருக்க முடியாது.

அந்தக் கணக்கு உடைந்த இடம் சிலிக்கான் பள்ளத்தாக்கின் பெரிய நகரமான சான் ஹோசே. 2009 ஜூனில் நகராட்சிக்கு ஒரு மனு வந்தது. நகர மையத்தின் மறுசீரமைப்புத் திட்டம் தொடர்பாக 32 வகை ஆவணங்கள் அதில் கேட்கப்பட்டிருந்தன. மேயரும் நகரமன்ற உறுப்பினர்களும் அவர்களுடைய ஊழியர்களும் தங்கள் சொந்தக் கைபேசியிலும் சொந்தக் கணக்கிலும் அனுப்பிய மின்னஞ்சல்கள், குறுஞ்செய்திகள், குரல் செய்திகளும் அதில் அடக்கம். அலுவலகக் கணக்கில் இருந்தவற்றை நகராட்சி கொடுத்தது. சொந்தக் கணக்குகளில் இருப்பவை நகராட்சியின் ஆவணங்களே அல்ல என்று மறுத்துவிட்டது.

வழக்கு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இழுத்தது. 2013இல் விசாரணை நீதிமன்றம் மனுதாரர் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. 2017 மார்ச் 2 அன்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மனுதாரரின் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கரோல் காரிகன்.

நகராட்சியின் வாதத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. சட்டம் ‘பொது அமைப்பு’ தயாரித்த, வைத்திருக்கும் ஆவணங்களைப் பற்றித்தான் பேசுகிறது. தனி ஊழியர் பொது அமைப்பு ஆகமாட்டார். அவருடைய சொந்தக் கணக்கைத் திறக்க நகராட்சிக்கு அதிகாரமும் இல்லை. நீதிமன்றம் இதற்குச் சொன்ன பதில் எளிமையானது. நகராட்சிக்கென்று தனியாகக் கை கிடையாது, அது தன் ஊழியர்களின் கையால்தான் எழுதுகிறது. எனவே அவர்கள் பணி நிமித்தம் எழுதியது நகராட்சி எழுதியதே. ஆவணம் எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்பது முக்கியமல்ல, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதே கேள்வி. கணக்கை மாற்றிச் சொடுக்கினால் சட்டத்திலிருந்து நழுவிவிடலாம் என்றால் பிறகு சட்டம் எதற்கு?

இந்தியாவின் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் இதே முடிச்சு உண்டு. தகவல் என்பதன் வரையறையில் மின்னஞ்சலைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். ஆனால் கேட்டுப் பெறக்கூடியது பொது அதிகார அமைப்பின் வசமோ கட்டுப்பாட்டிலோ இருக்கும் தகவல்தான்.

கலிபோர்னியத் தீர்ப்பால் ஊழியரின் சொந்த வாழ்க்கை முழுவதும் திறந்த புத்தகம் ஆகிவிடவில்லை. கடிதத்தின் உள்ளடக்கம், நோக்கம், யாருக்கு எழுதியது, பணி வரம்புக்குள் எழுதியதா ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னது நீதிமன்றம். கூட வேலை செய்பவர் ஒரு மடையர் என்று மனைவிக்கு எழுதினால் அது பொது ஆவணம் ஆகாது. அதே ஆளின் நிர்வாகக் கோளாறை மேலதிகாரிக்குத் தெரிவித்தால் அது பொது ஆவணம் ஆகலாம்.

ஆனால் தேடுவது யார்? இங்கேதான் தீர்ப்பின் கால் இடறுகிறது. ஊழியரே தன் கணக்கைத் தேடி, இருப்பதைக் கொடுத்து, மறுத்தவற்றுக்குக் காரணம் சொல்லிப் பிரமாணப் பத்திரம் தரலாம் என்ற வழியை நீதிமன்றம் காட்டியது. 2015இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம், பியர்ஸ் கவுண்டி அரசு வழக்கறிஞரின் கைபேசிக் குறுஞ்செய்திகள் பற்றிய வழக்கில் வகுத்த வழி இது. ஊழியரின் அந்தரங்கத்தை இது காக்கிறது. கூடவே, மறைக்கக் காரணம் உள்ளவர் கையிலேயே சல்லடையையும் கொடுத்துவிடுகிறது.

அந்தச் சல்லடை எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஹிலாரி கிளிண்டனின் அஞ்சல்களே சாட்சி. 2009 முதல் 2013 வரை வெளியுறவு அமைச்சராக இருந்தபோது அவர் அரசுப் பணிக்குத் தனிச் சர்வரில் இயங்கிய சொந்தக் கணக்கையே பயன்படுத்தினார். 2014 டிசம்பரில் சுமார் 30,000 அஞ்சல்களை ஒப்படைத்தார். ஏறத்தாழ அதே எண்ணிக்கை, தனிப்பட்டவை என்று விலக்கப்பட்டது. பிரித்தவர்கள் அவருடைய வழக்கறிஞர்கள். ஒவ்வொன்றையும் படித்துப் பிரிக்கவில்லை, தலைப்பு விவரங்களையும் தேடுசொற்களையும் வைத்துப் பிரித்தார்கள் என்று 2016 ஜூலை 5 அன்று எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமி சொன்னார். ஒப்படைத்தவற்றில் இல்லாத பணி சார்ந்த அஞ்சல்கள் பல ஆயிரம் கிடைத்தன. வேண்டுமென்றே மறைத்ததற்குச் சான்று இல்லை என்றும் அவரே சொன்னார்.

அதே நாளில் வாஷிங்டன் நகரின் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னொரு தீர்ப்பை வெளியிட்டது. வெள்ளை மாளிகையின் அறிவியல் தொழில்நுட்பக் கொள்கை அலுவலகத் தலைவர் ஜான் ஹோல்ட்ரன், தாம் முன்பு பணியாற்றிய வுட்ஸ் ஹோல் ஆய்வு மையத்தின் அஞ்சல் கணக்கை வைத்திருந்தார். அதிலிருந்த பணி சார்ந்த அஞ்சல்களைக் கேட்டபோது, அவை தங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்றது அலுவலகம். துறைத் தலைவர் கோப்புகளை மகள் வீட்டில் வைத்துவிட்டு, அவை அவள் பொறுப்பில் இருக்கின்றன என்று சொன்னால் ஒப்புக்கொள்வதா என்று கேட்டு நீதிபதி டேவிட் சென்டெல் அதைத் தள்ளினார்.

தேடும் வேலையை மனு வந்த பிறகு வைத்துக்கொள்ளாமல், அஞ்சல் எழுதும்போதே முடித்துவிடுவதே உருப்படியான வழி. மத்திய அரசு அளவில் அது வந்திருக்கிறது. 2014 நவம்பரில் பராக் ஒபாமா கையெழுத்திட்ட திருத்தச் சட்டப்படி, சொந்தக் கணக்கில் பணி அஞ்சல் எழுதும் அதிகாரி அதன் நகலை அப்போதே அலுவலகக் கணக்குக்கும் அனுப்ப வேண்டும், அல்லது 20 நாட்களுக்குள் அனுப்பிவிட வேண்டும். மீறினால் துறை நடவடிக்கை வரலாம். நகல் அனுப்பினாரா என்று தினமும் பார்ப்பவர் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

சான் ஹோசேயின் கதை 2017இல் முடியவில்லை. மேயர் சாம் லிக்கார்டோ சொந்த மின்னஞ்சலில் நகராட்சி வேலை பார்க்கிறார் என்று 2022இல் உள்ளூர்ச் செய்தி நிறுவனமான சான் ஹோசே ஸ்பாட்லைட் வழக்குத் தொடுத்தது. நகரம் சட்டப்படி நடக்கவில்லை என்று மறு ஆண்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிர்த்தரப்பின் வழக்குச் செலவுக்காக நகரம் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 5 லட்சம் டாலர்.