செவிக்கு எழுதுதல்: எழுத்துப் பயிற்சியில் வலையொலியும் தமிழின் இரட்டை வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

எழுத்துப் பயிற்சித் தாளில் கட்டுரைக்கு இணையான ஒப்படைப்பாக வலையொலி அமையும்போது தமிழ் மாணவர் எதிர்கொள்ளும் மொழிச் சிக்கல்களை இக்கட்டுரை விளக்குகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரம் கடற்கரை எடுத்துக்காட்டுக் களமாகக் கொள்ளப்படுகிறது. வலையொலி எழுத்துக்கு மாற்று அன்று. கட்டுரையில் மாணவர் எண்ணிப்பாராமலே கடந்துவிடும் வழக்குத் தேர்வை அது எண்ணிச் செய்யவேண்டிய தேர்வாக்குகிறது என்பது இக்கட்டுரையின் மையக் கருத்து.

திறவுச்சொற்கள்: வலையொலி, இரட்டை வழக்கு, எழுத்துப் பயிற்சி, பேச்சுத்தமிழ், எழுத்துப்பெயர்ப்பு, மாமல்லபுரம்

முன்னுரை

2004ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நிகழ்வுகள் நடந்தன. அத்திங்களின் முதல் நாளில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 'அண்ணா எஃப்.எம்.' 90.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தொடங்கப்பெற்றது. இந்தியாவில் கல்வி வளாகத்திலிருந்து இயங்கிய முதல் சமுதாய வானொலி அதுவே. அதே திங்களில் 'கார்டியன்' நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையொன்று, இணையவழிப் பரவத் தொடங்கியிருந்த புதிய ஒலிநிகழ்ச்சிகளைக் குறிக்கப் 'பாட்காஸ்டிங்' என்னும் சொல்லை முன்வைத்தது. முதலாவது, ஒலிபரப்பைக் கல்லூரி வளாகத்துக்குள் கொண்டுவந்தது. இரண்டாவது, அலைவரிசையும் உரிமமும் இல்லாமலே ஒலியைப் பரப்பலாம் என்னும் நிலைக்குப் பெயரிட்டது.

தமிழில் வலையொலி எனப்படும் இவ்வடிவம் இன்று கைப்பேசி ஒன்றைக் கொண்டே உருவாக்கத்தக்கதாக உள்ளது. எனவே எழுத்துப் பயிற்சி, ஊடகத்தமிழ் ஆகிய தாள்களில் இதனை ஒப்படைப்பாகக் கொள்வதற்குக் கருவி தடையன்று. தடை மொழியில் உள்ளது. எந்தத் தமிழில் எழுதுவது, எந்தத் தமிழில் பேசுவது என்னும் வினா முதல் தொடரிலேயே எழுந்துவிடுகிறது.

1. செவிக்கு எழுதிய மரபு

செவிக்கென உரைநடை அமைப்பது தமிழுக்குப் புதிதன்று. இறையனார் களவியல் உரை, நக்கீரர் தொடங்கி முசிறியாசிரியர் நீலகண்டனார் ஈறாகப் பதின்மர் வழி வாய்மொழியாக வந்ததென அவ்வுரையே கூறுகிறது. வினாவும் விடையுமாக அமையும் அதன் போக்கு, கேட்போரை முன்னிறுத்திய உரைநடையின் இயல்பைக் காட்டுகிறது.

வானொலிக் காலத்தில் இம்மரபு புதிய தேவையைச் சந்தித்தது. இலங்கை வானொலியிலும் பிபிசியிலும் பணியாற்றியவரும், பிபிசியின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' எனப் பெயர் சூட்டியவருமான சோ. சிவபாதசுந்தரம் 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலை எழுதினார். ஒலிபரப்புக்கு எழுதுவது பயின்று பெறவேண்டிய தனித்திறன் என்பதைத் தமிழில் நூலாக்கிய முன்னோடி முயற்சி அது. 1941இல் தொடங்கிய அந்த ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று சிற்றலையில் நிறைவுற்று, பிபிசியின் தமிழ்ப்பணி இணையத்தில் தொடர்கிறது.

செவிவழித் தமிழின் ஆற்றலுக்கு வேளாண் ஒலிபரப்பும் சான்று. 1960களில் தஞ்சைப் பகுதியில் பரவிய ஆடுதுறை 27 என்னும் நெல் வகையை உழவர்கள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர். வானொலி வழியாக அறிமுகமானதே அப்பெயருக்குக் காரணம். வேளாண் ஒலிபரப்பில் பயின்ற தென்கச்சி கோ. சுவாமிநாதன், பின்னர் 'இன்று ஒரு தகவல்' நிகழ்ச்சியில் கருத்தைப் பேச்சுநடையிலும் சிறு கதையிலும் பொதிந்து தந்தார். பேச்சுத்தமிழ் அறிவைச் சொல்லப் போதாது என்னும் எண்ணத்திற்கு இவையே மறுப்பு.

2. கண்ணின் தொடரும் செவியின் தொடரும்

வலையொலி உருவாக்கும் மாணவர் பெரும்பாலும் முதலில் கட்டுரை எழுதி, அதனை வாசித்துப் பதிவு செய்ய முற்படுவர். பதிவைத் தாமே கேட்கும்போது அது பாடநூல் ஒப்பிப்பதாக ஒலிக்கிறது. குரல் பயிற்சிக் குறைவே இதற்குக் காரணம் எனக் கருதப்படுவதுண்டு. உண்மையில் இதன் காரணம் தொடரமைப்பில் உள்ளது. பின்வரும் தொடரைக் காண்க:

"பல்லவர் காலத்தில் துறைமுக நகரமாக விளங்கியதும், ஒற்றைக்கல் கோயில்களுக்கும் குடைவரைகளுக்கும் பெயர்பெற்றதும், 1984ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றதுமான மாமல்லபுரம், செங்கல்பட்டு மாவட்டத்தில் அமைந்துள்ளது."

இலக்கண வழுவற்ற தொடர் இது. ஆயினும் தமிழில் அடை முன்னும் தலைச்சொல் பின்னும் வருவதால், மூன்று அடைகளையும் நினைவில் தாங்கியபடியே 'மாமல்லபுரம்' என்னும் பெயருக்காகக் கேட்பவர் காத்திருக்க நேர்கிறது. படிப்பவரின் கண் பின்னோக்கிச் சென்று மீளலாம். செவிக்கு அவ்வாய்ப்பு இல்லை. இதனையே செவிக்கு மாற்றினால் பின்வருமாறு அமையும்:

"செங்கல்பட்டு மாவட்டத்துல கடலோரமா இருக்கிற ஊர் மாமல்லபுரம். பல்லவர் காலத்துல இது ஒரு துறைமுகம். ஒரே கல்லுல செதுக்கின கோயிலும் பாறையைக் குடைஞ்ச கோயிலும் இங்க இருக்கு. 1984ல யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமா அறிவிச்சது."

இங்கு நிகழ்ந்தது ஈறுகளின் மாற்றம் மட்டுமன்று. தலைச்சொல் முதலில் வந்துள்ளது. அடைகள் தனித் தொடர்களாகப் பிரிந்துள்ளன. ஒவ்வொரு தொடரும் ஒரு செய்தியை மட்டும் தாங்குகிறது. எழுத்துத்தமிழ் ஈறுகளை அப்படியே வைத்துக்கொண்டும் இம்மாற்றத்தைச் செய்யலாம். எனவே செவிக்குரிய தொடரமைப்பும் பேச்சுவழக்கும் வெவ்வேறு தேர்வுகள் என்பதை மாணவர் பிரித்தறிய வேண்டும். முதலாவது வலையொலிக்கு இன்றியமையாதது. இரண்டாவது, நோக்கத்தைப் பொறுத்தது.

அடைப்புக்குறி, மேற்கோள்குறி, அடிக்குறிப்பு ஆகியனவும் கண்ணுக்குரியவை. 'மேற்கூறிய' என்னும் சொல்லுக்குச் செவியில் 'மேல்' என்றோர் இடமில்லை. சுட்டிய பொருளை மீண்டும் பெயர் சொல்லியே குறிக்க வேண்டும். இத்தகைய திருத்தங்களைச் செய்தபின் கட்டுரைக்குத் திரும்பும் மாணவர், அங்கும் தம் தொடர்களின் சுமையை உணர்வர். எழுத்துப் பயிற்சிக்கு வலையொலி தரும் நேரடிப் பயன் இதுவே.

3. எந்தப் பேச்சுத்தமிழ்?

சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்குக் கோட்பாட்டை வகுத்தார். பிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் அதனைத் தமிழுக்குப் பொருத்தி விரிவாக ஆராய்ந்தார். இக்கோட்பாட்டின்படி உயர்வழக்கு, தாழ்வழக்கு ஆகியவற்றுக்குரிய சூழல்கள் பிரிந்து கிடக்கின்றன. மேடைச் சொற்பொழிவும் செய்தி வாசிப்பும் முன்னதற்குரியன. வீட்டுப் பேச்சும் கடைத்தெருப் பேச்சும் பின்னதற்குரியன. வலையொலி இப்பிரிவினையுள் அடங்குவதில்லை. அது முன்னரே வரையப்பட்டது. ஆயினும் காதருகே ஒருவர் பேசுவதுபோலக் கேட்கப்படுவது.

மாணவர்முன் மூன்று வழிகள் உள்ளன. முழுவதும் எழுத்துத்தமிழில் பேசுவது முதல் வழி. கற்றோர் பொதுவாகப் பயன்படுத்தும் பொதுப் பேச்சுத்தமிழில் பேசுவது இரண்டாம் வழி. தொகுப்புரையை எழுத்துத்தமிழிலும் களத்தில் பதிந்த நேர்காணலைப் பேச்சுத்தமிழிலும் அமைப்பது மூன்றாம் வழி.

மூன்றாம் வழி எளிதாகவும் இயல்பாகவும் தோன்றினும் அதில் ஓர் ஏற்றத்தாழ்வு உண்டு. விளக்குபவரின் மொழி அறிவின் மொழியாகவும், மீனவரின் மொழி வெறும் தரவாகவும் ஒலித்துவிடுகின்றன. கடற்கரைக் குப்பத்திலிருந்தே கல்லூரிக்கு வரும் மாணவர்க்கு இது மேலும் கூர்மையான சிக்கலாகும். வீட்டில் பேசும் வழக்கை அவர் தம் தொகுப்புரையில் மறைத்து, தாயின் அல்லது தந்தையின் நேர்காணலில் மட்டும் ஒலிக்கவிட நேர்கிறது.

கடற்கரை வழக்கைக் கொச்சை என ஒதுக்குவதற்குச் சொல்லாய்வு இடம் தருவதில்லை. வாடை, கொண்டல் ஆகிய காற்றுப் பெயர்கள் பழந்தமிழ்ச் செய்யுளில் பயின்றவை. இன்றும் கடல் தொழிலில் வழங்குபவை. சென்னையை ஒட்டிய கடற்கரை மீனவர் நீரோட்டத்தைக் குறிக்க வழங்கும் வன்னி, தெண்டி ஆகிய சொற்கள் பொது எழுத்துத்தமிழில் வழங்காத கலைச்சொற்கள். இவற்றை 'நீரோட்டம்' என்னும் ஒரே சொல்லால் மாற்றும் கட்டுரை, ஓர் அறிவுத்துறையின் பாகுபாட்டையே இழந்துவிடுகிறது. தொல்காப்பியப் பாயிரம் செய்யுளோடு வழக்கையும் இலக்கணத்தின் அடிப்படையாகக் கொண்டமை இங்கு நினைக்கத்தக்கது.

4. களத்தின் குரலும் பொறுப்பும்

மாமல்லபுரம் கடற்கரை ஒலியால் பேசும் களம். தட்டும்போது எழும் ஒலியைக் கொண்டு கல்லை ஆண்கல், பெண்கல், அலிக்கல் எனப் பகுப்பது சிற்ப மரபு. இவ்வேறுபாட்டைக் கட்டுரை எடுத்துரைக்கலாம். வலையொலியால் மட்டுமே கேட்கச் செய்ய இயலும். உளியோசையைப் பின்னணி அழகாகச் சேர்க்கும் மாணவர் அதனை வீணாக்குகிறார். அதனையே சான்றாக முன்வைத்து விளக்கும் மாணவர், ஒலியைக் கொண்டு வாதிடக் கற்கிறார்.

மக்களின் குரலைப் பதிவதில் பொறுப்பு மிகுதி. ஆண்டுதோறும் மாசி மகத்தையொட்டி இருளர் மக்கள் பல ஊர்களிலிருந்து மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து, மணலில் தங்கி, கன்னியம்மனை வழிபடுகின்றனர். திருமணங்களும் அங்கு நிகழ்வதுண்டு. அந்நாளில் ஒலிவாங்கியுடன் செல்பவர்க்கு ஒலிக்குப் பஞ்சமில்லை. ஆயின் வழிபாட்டில் எழும் குரல் பொதுவெளிக்கு உரியதா என்பதை அம்மக்களே முடிவு செய்ய வேண்டும். கட்டுரையில் பெயரை மாற்றி ஒருவரை மறைக்கலாம். வலையொலியில் குரலே அடையாளமாக நிற்கிறது. எனவே பதிவுக்கு முன் ஒரு முறையும், தொகுத்து முடித்தபின் அவர்களுக்கே ஒலிக்கச் செய்து மறுமுறையும் இசைவு பெறுதல் முறையாகும்.

தொகுப்பிலும் அறம் உண்டு. பேசுபவர் தயங்கும் இடைவெளியை வெட்டினால் ஐயம் உறுதியாக மாறிவிடும். எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதும் அவ்வாறே. இருளரைப் பற்றிய பதிவு வறுமையை மட்டுமே கேட்கச் செய்தால் அது முழுமையாகாது. 1978இல் தொடங்கப்பெற்று வடநெம்மேலியில் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நச்சுமுறி மருந்துக்குத் தேவையான நஞ்சைச் சேகரித்து வழங்குகிறது. பாம்பின் தடத்தை மண்ணில் கண்டறியும் திறனை ஓர் இருளர் தம் சொற்களில் விளக்கும்போது, கேட்பவர் அவரை ஆசிரியராகவே ஏற்கிறார். 2016இல் பாம்பனில் மீனவர்களுக்காகத் தொடங்கப்பெற்ற 'கடல் ஓசை' சமுதாய வானொலி இதற்கு மேலும் ஒரு முன்மாதிரி. அங்குக் கடலோர வழக்கு ஒலிபரப்பின் மொழியாகவே அமைகிறது.

5. எழுத்துப்பெயர்ப்புச் சிக்கல்

வலையொலியுடன் அதன் எழுத்துப்பெயர்ப்பும் அமைதல் வேண்டும். செவித்திறன் குறைந்தோர்க்கும், மேற்கோள் காட்டவேண்டிய ஆய்வாளர்க்கும் அது தேவை. ஆயினும் பேச்சுத்தமிழுக்கு நிலைபெற்ற எழுத்துமுறை இல்லை. 'வந்தா' என எழுதினால் அது 'வந்தாள்' என்பதா, 'வந்தால்' என்பதா, ஈற்றில் மூக்கொலி பெற்ற 'வந்தான்' என்பதா என்று சூழலின்றித் தெளிய இயலாது. பேச்சில் மூன்றாவது வடிவத்தை மூக்கொலி பிரித்துக் காட்டுகிறது. தமிழ் எழுத்தில் அதற்குக் குறியீடு இல்லை. முற்றிலும் எழுத்துத்தமிழாக மாற்றினால் பொருள் தெளிவாகும், பேசியவர் மறைந்துவிடுவார்.

இதற்கு நடைமுறைத் தீர்வு இரு நிரல்களாகப் பெயர்ப்பது. முதல் நிரலில் கேட்டவாறும், இரண்டாம் நிரலில் எழுத்துத்தமிழிலும் தருதல் தகும். இப்பணியில் ஈடுபடும் மாணவர் ஒலியனியல், உருபனியல் பாடங்களில் படித்தவற்றைத் தம் செவியால் சோதித்து அறிகின்றனர்.

6. மதிப்பீடு

பேச்சுவழக்கைப் பிழையெனக் கொண்டு மதிப்பெண் குறைக்கும் முறை தொடர்ந்தால், மாணவர் முதல் வழியையே நாடுவர். வலையொலி ஒப்பித்தலாகச் சுருங்கும். மாறாக, பேச்சுவழக்கு எதுவாயினும் ஏற்கப்படும் எனக் கொண்டால் பயிற்சியே இல்லாமற்போகும். எனவே ஒலிக்கோப்பு, வாசிப்புக்கு எழுதிய வரைவு, இரு நிரல் எழுத்துப்பெயர்ப்பு ஆகியவற்றுடன், எவ்விடத்தில் எவ்வழக்கை ஏன் தேர்ந்தார் என்னும் ஒரு பக்க விளக்கத்தையும் பெறுதல் தகும். தேர்வின் காரணமும் அதனைக் கடைப்பிடித்த ஒழுங்கும் மதிப்பிடப்படல் வேண்டும். குரலின் இனிமையும் கருவியின் தரமும் மதிப்பீட்டுக்குரியன அல்ல. விலையுயர்ந்த கைப்பேசி இல்லாத மாணவர்க்கு இது நீதியும் ஆகும்.

முடிவுரை

செவிக்கு எழுதுதல் தமிழ் உரைநடை மரபின் தொடர்ச்சியே என்பதும், வலையொலியின் தேவைக்குத் தொடரமைப்பு மாற்றமே முதன்மையானது என்பதும், வழக்குத் தேர்வு அதனின் வேறான முடிவு என்பதும் மேலே விளக்கப்பட்டன. தொகுப்புரையாளருக்கு ஒரு தமிழும் களத்தினருக்கு மற்றொரு தமிழும் என்னும் பகுப்பு, கேட்போரிடம் மதிப்பின் பகுப்பாகச் சென்று சேர்கிறது. இதனை உணர்ந்து முடிவெடுக்கப் பழகிய மாணவர், பின்னர்க் கள ஆய்வேட்டில் ஒரு மீனவரின் அல்லது இருளரின் கூற்றை எழுத்துத்தமிழாக மாற்றும்போது எதை இழக்கிறோம் என்பதை அறிந்தே மாற்றுவர். எழுத்துப் பயிற்சித் தாளில் வலையொலிக்கு இடமளிப்பதற்கு இதுவே போதிய காரணமாகும்.