கறை போகட்டும், முகம் இருக்கட்டும்

யுத்த காலத்தில் வீடு, காணி, நகை என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய பெண்கள் பலர் ஒரு பொருளை மட்டும் விடவில்லை. அது பிள்ளையின் போட்டோ. பொலித்தீன் பையில் சுற்றி, மடியில் முடிந்து கொண்டுவந்த படங்கள் அவை. தண்ணீர் பட்டு, மஞ்சளித்து, மடிப்பில் வெடித்துப் போயிருக்கும். சகோதரிகளே, அப்படிப்பட்ட ஒரு படத்தில் நான் விட்ட பிழையையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். கொழும்பில் கார்மெண்ட்ஸ் வேலை செய்து சேர்த்த காசில் பழைய ஐபாட் ஒன்று வாங்கினேன். அதில் அஃபினிட்டி போட்டோ என்ற செயலியைப் பழகினேன். இது 2017 ஆம் ஆண்டில் ஐபாட்டுக்கு வெளிவந்தது. கல்யாணம், சடங்கு, பிறந்தநாள் படங்களைத் திருத்திக் கொடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கிறேன்.

ஒருநாள் மேல் லயத்துக்கு வந்திருந்த ஒரு அக்கா என்னைத் தேடி வந்தார். அவருடைய தாய் தகப்பன் மஸ்கெலியாப் பக்கம் கொழுந்தெடுத்தவர்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிக்குப் போனார்கள். 1977இலும் 1983இலும் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி என்று போன குடும்பங்கள் அநேகம். பாதுகாப்புத் தேடிப் போன இடத்திலேயே யுத்தமும் அவர்களைப் பிடித்துக்கொண்டது. இந்த அக்காவின் மகன் 2009இல் காணாமல் போனவர். அவர் கையில் இருந்தது மகனின் பாடசாலைக் காலத்துப் படம் ஒன்றே ஒன்று. கன்னத்தில் பாதிக்குத் தண்ணீர்க் கறை.

நான் ஆர்வக்கோளாறில் படம் முழுவதற்கும் வெளிச்சத்தைக் கூட்டினேன். தூசி, கீறல் போக்கும் ஃபில்டரையும் முழுவதற்கும் போட்டேன். கறை மங்கியது. முகம் பளிங்கு மாதிரி வந்தது. அக்கா வெகுநேரம் பார்த்தார்.

“வடிவாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா இது என்ர பிள்ளை இல்லை. புருவத்துக்கு மேல வெட்டுக்காயம் ஒண்டு இருந்ததே, அது எங்க?”

எனக்கு நாக்கு எழவில்லை. ஃபில்டருக்குக் கீறலும் தெரியாது, தழும்பும் தெரியாது. இரண்டையும் ஒன்றாகத் துடைத்துவிட்டது. காணாமற்போன ஒருவரின் படத்தில் தழும்பு என்பது அடையாளம். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு நாம் படம் கொடுப்பதும், 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் தாய்மார் படங்களை ஏந்தி இருந்ததும் அந்த அடையாளத்துக்காகத்தானே?

வெள்ளைச் சேலையில் கறை பட்டால் முழுச் சேலையையுமா கறை நீக்கும் மருந்தில் போடுகிறோம்? பட்ட இடத்தில் மட்டும் தடவுகிறோம். படத்திலும் அப்படித்தான் செய்யவேண்டும். அதற்குத்தான் மாஸ்க் இருக்கிறது.

இதன் வேலை சுலபம். நாம் போடும் ஒவ்வொரு திருத்தமும் படத்தின் மேல் வைத்த கண்ணாடித் தாள் போல ஒரு தனிப் படையாக நிற்கும். அந்தப் படையோடு ஒரு மாஸ்க்கும் வரும். மாஸ்க் வெள்ளையாக இருக்கும் இடத்தில் திருத்தம் தெரியும். கறுப்பாக இருக்கும் இடத்தில் மறையும். சாம்பல் நிறமானால் பாதி தெரியும். முதலில் அது முழு வெள்ளையாகவே வருவதால்தான் திருத்தம் படம் முழுவதும் பரவுகிறது. ‘இன்வர்ட்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் வெள்ளை முழுவதும் கறுப்பாகப் புரளும். திருத்தம் எங்கும் தெரியாது. பிறகு வெள்ளை நிறத் தூரிகையால் கறை மேல் மட்டும் விரலால் தடவினால், அங்கே மட்டும் திருத்தம் வெளிவரும். தவறி வெளியே பட்டால் கறுப்பால் தடவி மறைக்கலாம். அடியில் உள்ள படம் அழியாது.

இதிலும் முதல்முறை இடறினேன். திருத்தப் படையைத் தெரிவு செய்யாமல் படத்தையே தெரிவு செய்து இன்வர்ட் கொடுத்துவிட்டேன். பிள்ளையின் முகம் ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி வெள்ளை முடியும் கறுப்பு முகமுமாக மாறியது. அக்கா பயந்து எழும்பிவிட்டார். பின்னோக்கும் அம்புக்குறியைத் தொட்டுப் பழையபடி கொண்டுவந்தேன். ஆகவே, எந்தப் படை தெரிவாகி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். திருத்தங்களின் பட்டியலிலும் ‘இன்வர்ட்’ என்று ஒன்று உண்டு. அதுவும் படத்தை நெகட்டிவாக்கும், மாஸ்க்கைத் திருப்பாது.

கறை சிறிதாக இருந்தால் மேலே சொன்ன வழி. கறைதான் பெரும்பகுதி, நல்ல இடம் கொஞ்சம் என்றால், மாஸ்க்கை வெள்ளையாகவே விட்டு நல்ல இடத்தைக் கறுப்பால் மறைப்பது இலகு.

இது புதிய யோசனையும் அல்ல. பழைய ஸ்டூடியோ இருட்டறைகளில் படம் கழுவியவர்கள் ஓட்டை போட்ட மட்டையை ஒளிக்குக் குறுக்கே பிடித்து, வேண்டிய இடத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி கொடுத்தார்கள். அந்த மட்டை செய்த வேலையைத்தான் இன்று மாஸ்க் செய்கிறது.

நீங்களோ உங்கள் பிள்ளைகளோ இப்படிப் படம் திருத்தும்போது இவற்றைக் கவனியுங்கள்:

மூலப் படத்தைத் துடைக்கவோ கழுவவோ வேண்டாம். பகல் வெளிச்சத்தில், பளபளப்பு விழாமல் படமெடுத்து அந்தப் பிரதியில் வேலை செய்யுங்கள்.

தொடங்குமுன் தழும்பு, மச்சம், பல் வரிசை எதுவென்று வீட்டாரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

தூரிகையின் ஓரம் மென்மையாக இருக்கட்டும். அழுத்தம் குறைவாக வைத்துப் பலமுறை தடவுங்கள்.

படைகளோடு ஒரு பிரதியைச் சேமியுங்கள். திருத்தாத பிரதியையும் சேர்த்தே கொடுங்கள்.

செயற்கை நுண்ணறிவால் ஒரு நொடியில் புதுப்பிக்கும் செயலிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. அவை தெரியாத இடத்தைத் தாமே ஊகித்து நிரப்பிவிடும். சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டும் தாத்தா படத்துக்கு அது பரவாயில்லை. அடையாளத்துக்குக் கொடுக்கும் படத்துக்கு வேண்டாம்.

அன்று இரண்டாம் முறை செய்து முடிக்க இருட்டிவிட்டது. கன்னத்துக் கறை முழுவதும் போகவில்லை. ஓரத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதையும் எடுக்கவா என்று கேட்டேன். அக்கா திரையில் புருவத்துக்கு மேலே விரலை வைத்துப் பார்த்தார்.

“வேண்டாம் தங்கச்சி. காயம் இருக்கு. இது காணும்.”

இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஒன்று கோவைக்கு. மற்றதை அவர் பழைய பொலித்தீன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.