சரக்கு மாறினால் சொல்லும் மாற வேண்டும்

2015-இல் மகாராஷ்டிர அரசு காளை, எருது வதையையும் தடைசெய்தபோது, தாராவித் தோல் பட்டறைகளுக்கு மாட்டுத்தோல் வரத்து குன்றியது. பலர் எருமைத்தோலுக்கும் ஆட்டுத்தோலுக்கும் மாறினர். சுதீர் ராஜ்பர் தொடங்கிய ‘சமார் ஸ்டுடியோ’ மறுசுழற்சி ரப்பரில் பைகள் செய்து, அம்மாற்றத்தையே விற்பனைச் செய்தியாக்கியது. கொள்முதலும் சந்தைப்படுத்தலும் இணைந்து நடந்ததற்கு இது சான்று.

தொழில்முனைவோருக்கு நாங்கள் கூறுவது இதுவே: புதிய மூலப்பொருளின் விலை, தரம், வந்துசேரும் காலம் ஆகியவற்றை உறுதிசெய்த பின்னரே விளம்பரம் செய்யுங்கள். பழைய பெயரில் புதுச் சரக்கை விற்றால் வாடிக்கையாளரின் நம்பிக்கை போய்விடும். கையிருப்பு தேங்கும் நாள்கள் கூடினால் நடைமுறை மூலதனத் தேவையும் உயரும். ஆதலின், ஆர்டரை ஏற்கும் முன்பே வங்கிக் கிளையில் கலந்து பேசுங்கள்.